சொந்த உபயோகத்துக்கு

சைனகுண்டா செக்போஸ்டில்
ஐஸ் பெட்டியைத் திறக்கச் சொன்னார் காவலர்.
உள்ளே ஆறு குழாய்கள், ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு எண்.
என்ன இது?
குதிரை ரத்தம்.
பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தார். பிறகு எழுதினார்:
குதிரை ரத்தம், ஆறு, சொந்த உபயோகத்துக்கு.
மாதத்தில் இரண்டு முறை இந்த வழிதான் வருகிறேன்.
இரண்டு முறையும்
யார் நீ என்றுதான் தொடங்குகிறார்.

பலமனேரில் தஸ்தகிரிக்கு இரண்டு பெண் குதிரைகள்.
மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுவது.
ஜிலேபிக்கு இடக்கண்
கஞ்சிக்குள் விழுந்த கறுப்பு உளுந்தாகிவிட்டது.
வெயில் பட்டால் இமை இறுகும்.
வடிந்து வடிந்து
கன்னத்து மயிரில் ஒரு வாய்க்கால்.

வளர்பிறையிலதான் வருது மேடம்,
நிலா ஏற ஏற கண்ணு சிவக்குது, என்றான்.
அவன் சொன்ன தேதிகளைப் பஞ்சாங்கத்தோடு வைத்துப் பார்த்தேன்.
பொய்யில்லை.
வளர்பிறையில்தான் முகூர்த்தம்.
முகூர்த்தத்தில்தான் ஜெனரேட்டர் வண்டி,
இரண்டு பக்கமும் தலைச்சுமை விளக்கு,
மூக்குக்கு நேரே வீடியோக்காரனின் வெள்ளை வெளிச்சம்.
விளக்கு நோயைக் கொண்டுவரவில்லை,
உள்ளே இருந்ததைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.
நிலா பாவம்.

கண் பூட்டிய வீடு என்று அவனுக்குச் சொல்லிப் பார்த்தேன்.
உள்ளே குடியிருக்கும் புரதங்களை
உடம்பு ஒருநாளும் நேரில் கண்டதில்லை.
எலி மூத்திரம் கலந்த குட்டைத் தண்ணீரோ, வேறு எதுவோ,
தாழ் விலகிவிடுகிறது.
காவலுக்கு ஓடிவரும் அணுக்கள்
பிறந்ததிலிருந்து அங்கேயே இருப்பவரிடம்
யார் நீ என்று தொடங்குகின்றன.
அடித்துவிட்டுப் போகும். ஆறினாற்போல் இருக்கும்.
முகத்தை மறக்காது. திரும்ப வரும்.
எங்க ரேஷன் கார்டு கதை மாதிரியா, என்றான்.
கிட்டத்தட்ட, என்றேன்.

ஒப்பிட்டுப் பார்க்க
நோயில்லாத ரத்தமும் வேண்டும்.
மைனாவின் கழுத்தில் எடுத்தேன்.
அவள் கண்ணில்
என் ஹெல்மெட்டின் கீறல்வரை தெரிந்தது.

வேலூரில் சுழலவிட்டோம்.
சிவப்பு கீழே தங்க, மேலே சீரகத் தண்ணீர் நிறம்.
ஜிலேபியின் சீரத்தில்
தடிக்க வேண்டிய கோடுகள் தடித்திருந்தன.
கண்ணைப் பார்த்தே தெரிந்ததைச் சொல்ல
இத்தனை பெரிய மெஷின்.
மைனாவின் குழாயில்தான் கை நின்றது.
அதே இடம். அதே கோடு,
ஒரு நூல் மெலிதாக.
எண்ணைச் சரிபார்த்தேன். மறுபடி ஓட்டினேன்.
மதியச் சோற்றுக்குப் பிறகு இன்னொரு தரம்.

டாக்டர் செங்கமலவல்லி கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார்:
ஆறு குதிரையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.
அடையாளம் வேறு, தீர்ப்பு வேறு.
வராமலே போகலாம்.
உரிமையாளரிடம் வாய் திறக்காதே.
அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை
பேர்ணாம்பட்டிலிருந்து ஒருவர் வந்திருந்தார்,
வண்டிக்கு ஒரு குதிரை வேண்டுமாம்.
ஒத்தைக் கண்ணுனு சொல்லித்தான் ஜிலேபியை விக்கிறேன்,
எனக்கு மைனா போதும், என்றான் தஸ்தகிரி.
தை முழுக்க புக்கிங்.
ஏம்மா, ரக்தம் ஏம் செப்பிந்தி?
மைனா கண்ணு நல்லாதானே இருக்கு?

மைனா கொள்ளை மென்றுகொண்டிருந்தாள்.
கண் முன்னால் கையை ஆட்டினேன்.
இமைத்தாள், எந்தக் குதிரையும் இமைப்பதுபோல.

நல்லாத்தான் இருக்கு, என்றேன்.
பிறகு, குட்டைத் தண்ணி வேண்டாம், தொட்டியில குடு.
வீடியோ விளக்கை நேரா அடிக்க விடாதே.
கண்ணுக்கு வலை கட்டு.
ஜிலேபிக்குத்தானே?
ரெண்டுக்கும்.

கேள்வி ஒன்று அவன் தொண்டைவரை வந்தது, பார்த்தேன்.
கேட்கவில்லை.
எழுந்து போய்
மைனாவின் நெற்றியிலிருந்து மூக்குவரை
சாண் போட்டு அளக்க ஆரம்பித்தான்.
பேர்ணாம்பட்டுக்காரர் இன்னொரு டீ கேட்டார்.

அன்று ரத்தம் எடுக்கவில்லை.
செக்போஸ்டில் பெட்டியைத் திறந்து,
ஐஸைக் கிளறிப் பார்த்து,
ஒன்றுமில்லை என்று எழுதி
என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்.